எந்த எண்ணெய் என்பதற்கு முன் எவ்வளவு எண்ணெய்: வீட்டுக் கொழுப்பைக் கணக்கிடும் முறை

இரத்தப் பரிசோதனையில் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். அளவு கூடியிருந்தபோது நான் முதலில் செய்தது எண்ணெயை மாற்றியதுதான். சூரியகாந்தியிலிருந்து கடலை எண்ணெய்க்கும் அங்கிருந்து செக்கு நல்லெண்ணெய்க்கும் தாவினேனே தவிர, நால்வர் உள்ள எங்கள் வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் செலவாகிறது என்று அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அளக்கத் தொடங்கிய பிறகுதான் கோளாறு எங்கே என்று புரிந்தது.

முதலில் இலக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் 2,000 கலோரி உணவுக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று இருக்கிறது. கொழுப்பின் ஒவ்வொரு கிராமும் 9 கலோரி தரும். மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரிதான் தரும். அதற்காகக் கொழுப்பை அடியோடு விலக்கவும் கூடாது. ஏ, டி, இ, கே வைட்டமின்களை உடல் உறிஞ்சுவதற்குக் கொழுப்பு வேண்டும்.

அடுத்தது அளவிடுதல். நான் சறுக்கியது இங்கேதான். குழம்புக்கு இரண்டு ஸ்பூன், பொரியலுக்கு ஒரு ஸ்பூன் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிக் கூட்டியதில் ஒருவருக்கு 20 கிராம்கூட வரவில்லை. ஆனால் மாதம் 5 லிட்டர் கேன் காலியாகிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் என்பதால், 4,550 கிராமை 30 நாட்களுக்கும் நால்வருக்கும் வகுத்தால் 38 கிராம் வருகிறது. ஒரு ஸ்பூனை 5 மில்லி என்று கணக்கிட்டேன்; எங்கள் வீட்டு ஸ்பூன் அதைவிடப் பெரியது என்பது ஒரு காரணம். தோசையைச் சுற்றித் தூக்கிலிருந்து நேரடியாக ஊற்றுவதை நான் எழுதவே இல்லை என்பது பெரிய காரணம். ஒரு தோசைக்கு முன்னும் பின்னும் தூக்கை எடை போட்டதில் 6 கிராம் குறைந்திருந்தது. அன்றிரவு வார்த்தவை பன்னிரண்டு தோசைகள்.

ஆகவே ஸ்பூன் கணக்கை விட்டுவிடுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, திங்கட்கிழமை காலையில் எண்ணெய்த் தூக்கை எடை போட்டு, அடுத்த திங்கட்கிழமை மீண்டும் போடுங்கள். எங்கள் தூக்கு 1,950 கிராமிலிருந்து 890 கிராமுக்கு இறங்கியது. வேறுபாடான 1,060 கிராமை ஏழாலும் நான்காலும் வகுத்தபோது அதே 38 வந்தது. கைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அம்மா ஊற்றிய எண்ணெயின் அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது.

அளவு பிடிபட்ட பிறகே வகையைப் பாருங்கள். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கும் பாமாயிலில் ஏறக்குறையப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது எல்.டி.எல். அளவைக் கூட்டும் வகை. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது 2,000 கலோரிக்கு 22 கிராம். 15 மில்லி தேங்காய் எண்ணெயே அதில் பாதியை எடுத்துக்கொள்ளும் என்பதால், அவியலுக்கு மேலே ஊற்ற மட்டும் அதை வைத்துக்கொண்டு தினச் சமையலைக் கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் விட்டுவிட்டேன். செக்கில் ஆட்டியதால் கலோரி குறையும் என்று நினைக்க வேண்டாம். மணத்துக்காக நானும் செக்கு எண்ணெய்தான் வாங்குகிறேன்.

கடைசியாகப் பொட்டலங்கள். முன்புறத்தில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று இருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள்; தாவர எண்ணெயில் அது பொருட்படுத்தும் அளவில் எப்போதுமே இருப்பதில்லை. பின்புறத்தில் 100 கிராமுக்கான பத்தியை மட்டும் படியுங்கள், ஏனெனில் ‘ஒரு முறைக்கு’ என்ற பத்தியில் இருக்கும் சின்ன அளவோடு எந்த முறுக்குப் பொட்டலமும் எங்கள் வீட்டில் மூடப்பட்டதில்லை. எண்ணெய்களிலும், அவற்றைச் சேர்த்துச் செய்த உணவின் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயை வனஸ்பதிபோலக் கெட்டியாக்கும்போது உருவாகும், இதயத்துக்குக் கேடான வகை) இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடப்பில் இருக்கிறது. ஆனால் பேக்கரியில் தாளில் சுற்றித் தரும் பஃப்ஸில் படிப்பதற்கு எதுவும் இருக்காது.

பிற்சேர்க்கை: வடை சுட்ட வாரத்தில் கணக்கு எகிறிவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வாணலியில் மிஞ்சிய எண்ணெயையும் உண்டதாகச் சேர்த்துவிட்டதே காரணம். மிச்சத்தை எடை போட்டுக் கழித்துவிடுங்கள். பிறகு அதைத் தாளிக்க எடுத்தால் அப்போது சேர்த்துக்கொள்ளலாம். நன்றாக ஆறிய பிறகே தராசில் வையுங்கள், என் முதல் தராசின் தட்டு சூட்டில் நெளிந்துதான் போனது.