மேற்குச் சுவருக்கு வெயில் தடுப்பு: கிராஸ்ஹாப்பரில் முதல் அளவுரு மாதிரி

சென்னையில் மேற்கு பார்த்த அறையில் குடியிருப்பவருக்குப் பிற்பகல் மூன்று மணி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சுவருக்கு வெளியே செங்குத்துப் பலகைகளை வரிசையாக நிறுத்தி வெயிலை மறிப்பது கட்டடக் கலைஞர்கள் வழக்கமாகச் செய்வதுதான்; அலுவலகங்களில் இவற்றை ஃபின் என்பார்கள். அத்தகைய ஒரு வரிசையை ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளுக்குள் இயங்கும் கிராஸ்ஹாப்பரில் அமைப்பதே இந்தச் செய்முறை. டேவிட் ருட்டன் 2007-இல் உருவாக்கத் தொடங்கிய இக்கருவி, 2018-இல் வெளிவந்த ரைனோ 6 முதல் ரைனோவுடனேயே சேர்ந்து வருகிறது. கற்றுக்கொள்வதற்கு 90 நாள் சோதனைப் பதிப்பு தாராளமாகப் போதும்.

சாதாரண வரைபடத்தில் இருபது பலகைகளை வரைந்துவிட்டால், இடைவெளி மாறும்போது இருபதையும் நகர்த்தியாக வேண்டும். அளவுரு மாதிரியில் நாம் பலகைகளுக்கு இடையிலுள்ள உறவை மட்டும் எழுதிவைக்கிறோம். எண் மாறினால் வடிவம் தானாக மாறுகிறது. மாமல்லபுரத்து ஸ்தபதிகளுக்கு இது புதிதல்ல. உத்தம தச தாலம் என்ற சிற்ப அளவுமுறையில் சிலையின் முழு உயரமும் 124 சம பங்குகளாக (இவற்றை அங்குலம் என்பார்கள்; இஞ்ச் அல்ல) பகுக்கப்படுவதால், உயரம் மாறும்போது மூக்கும் முழங்காலும் அதே விகிதத்தில் கூடவே மாறும். ஆகவே எந்த எண் முன்செல்வது, எந்த எண் அதன் பின்னால் வருவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என் அனுபவத்தில் தொடக்கநிலையினர் திணறுவது மென்பொருளில் அல்ல, இந்த முடிவில்தான்.

படி 1: தாளில் கணக்கு

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. சூரிய நேரப்படி மாலை 4 மணிக்கு, மார்ச் 21-ஐ ஒட்டிய நாட்களில், சூரியன் சுமார் 29 டிகிரி உயரத்தில், நேர்மேற்கிலிருந்து 7 டிகிரி மட்டுமே தெற்கே தள்ளி நிற்கிறது. (சென்னைக் கடிகாரம் சூரியனைவிடச் சராசரியாக 9 நிமிடம் முந்தி ஓடுகிறது; இந்தக் கணக்குக்கு அது பெரிய வேறுபாடு அல்ல.) கத்திரி வெயில் தொடங்கும் மே மாதத்தில் அதே நேரத்தில் சூரியன் மேற்கிலிருந்து சுமார் 12 டிகிரியும், ஜூன் 21-இல் 20 டிகிரியும் வடக்கே இருக்கும்; டிசம்பர் 21-இல் 32 டிகிரி தெற்கே போய்விடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. சுவருக்குச் செங்குத்தாகப் பலகைகளை நிறுத்தினால் மாலை வெயில் இரண்டு பலகைகளுக்கு நடுவே நேராக உள்ளே வந்துவிடும் என்பதால், அவற்றைத் திருப்பியே தீர வேண்டும். அப்படித் திருப்பும்போது வெளிவிளிம்பு தெற்கு நோக்கி இருந்தால், கோடை மாதங்களில் வடமேற்கிலிருந்து வரும் வெயில் முழுவதுமாக மறிபடும். டிசம்பரின் இளவெயில் ஓரளவு உள்ளே வரும்.

நேர்மேற்கில் உள்ள சூரியனை மறிக்க வேண்டுமானால், பலகையின் ஆழத்தை (சுவரை ஒட்டிய விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரையான அகலத்தை), திருப்பும் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் வரும் தொகை, இடைவெளிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த ஒரு வரிதான் நம் மாதிரியின் முதுகெலும்பு.

படி 2: கோடு

ரைனோவில் மில்லிமீட்டர் அலகைத் தேர்ந்தெடுத்து, மேல்நோக்குக் காட்சியில், தெற்கிலிருந்து வடக்காக 6100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு வரையுங்கள். ஒய் அச்சே வடக்கு. முழுமையாக 6000 என்று வைக்காததற்குக் காரணம், தளத்தில் எந்தச் சுவரும் அவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை என்பதே. பிறகு கட்டளை வரியில் கிராஸ்ஹாப்பர் என்று ஆங்கிலத்தில் தட்டி அதைத் திறந்து, கர்வ் என்ற கூறை (கிராஸ்ஹாப்பரில் ஒன்றோடொன்று இணைக்கும் சிறு பெட்டிகளே கூறுகள்) வைத்து, அதன்மீது வலது சொடுக்கி, செட் ஒன் கர்வ் மூலம் அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

படி 3: எத்தனை பலகைகள்?

வெற்றிடத்தில் இருமுறை சொடுக்கி 100<300<600 என்று தட்டினால், 100 முதல் 600 வரை நகரக்கூடிய, 300-இல் நிற்கும் ஸ்லைடர் கிடைக்கும். இது நாம் அனுமதிக்கும் அதிகபட்ச இடைவெளி. லெங்த் கூறிலிருந்து வரும் சுவர் நீளத்தை இதனால் வகுத்தால் 20.33 என்று வரும். அதை ரவுண்ட் கூறில் கொடுத்தால், அது அருகிலுள்ள முழு எண், கீழுள்ளது, மேலுள்ளது என மூன்று விடைகள் தரும். அருகிலுள்ள எண்ணான 20-ஐ எடுத்தால் உண்மை இடைவெளி 305 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். மேலுள்ள முழு எண்ணாகச் சீலிங் தரும் 21-ஐ எடுத்தால் 290.5 ஆகும். ஆகவே சீலிங்கையே டிவைட் கர்வ் கூறின் எண்ணிக்கை உள்ளீட்டில் இணையுங்கள். 21 பகுதிகளுக்கு 22 புள்ளிகள் கிடைக்கும்.

படி 4: திசையும் கோணமும்

யூனிட் எக்ஸ் கூறில் -1 கொடுத்தால் மேற்கு நோக்கிய திசை கிடைக்கும். அதை ரொட்டேட் கூறின் வழியாக இசட் அச்சைச் சுற்றித் திருப்புங்கள். தேடும்போது ரொட்டேட் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவை வரும். வெக்டர் பிரிவில் உள்ளதே நமக்கு வேண்டியது. கோண உள்ளீட்டில் 45 என்ற ஸ்லைடரை இணைத்து, அந்த உள்ளீட்டின்மீது வலது சொடுக்கி டிகிரிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இதை மறந்து நான் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். டிகிரிஸ் என்று சொல்லாவிட்டால், கிராஸ்ஹாப்பர் கோணத்தை ரேடியன் என்ற வேறோர் அலகிலேயே படிக்கும். 45 ரேடியன் என்பது ஏழு முழுச் சுற்றுகள் போக ஏறத்தாழ 58 டிகிரி. பலகைகள் கோணல்மாணலாக நின்றிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பேன். 58 டிகிரியில் அவை பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தன.

அடுத்து லைன் எஸ்டிஎல் கூறில் புள்ளிகள், திருப்பிய திசை, 450-இல் நிற்கும் ஆழ ஸ்லைடர் மூன்றையும் இணைத்தால், திட்டப்படத்தில் பலகைகள் சாய்கோடுகளாகத் தெரியும்.

படி 5: உயரம்

எக்ஸ்ட்ரூட் கூறில் இந்தக் கோடுகளையும், யூனிட் இசட்டுக்கு 3000 கொடுத்ததையும் இணையுங்கள். பலகைகள் எழுந்து நிற்கும். தடிமனை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

படி 6: கோணத்தைப் பின்செல்ல வைத்தல்

இதுவரை கோணம் நம் கையில் இருந்தது. இப்போது அந்த ஸ்லைடரை நீக்கிவிடுங்கள். சுவர் நீளத்தைச் சீலிங் எண்ணால் வகுத்து உண்மை இடைவெளியை எடுத்து, அதை ஆழத்தால் வகுத்து, சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் தரும் ஆர்க்சைன் கூறில் செலுத்தி, அதன் விடையை ரொட்டேட்டின் கோண உள்ளீட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆர்க்சைன் தருவது ரேடியன் என்பதால், முன்பு தேர்ந்தெடுத்த டிகிரிஸ் குறியை இப்போது எடுத்துவிட வேண்டும்.

ஆழம் 450 என்றால் கோணம் சுமார் 40 டிகிரி. ஆழத்தை 600 ஆக்கினால் பலகைகள் 29 டிகிரிக்குத் திறந்து, வெளியே பார்க்க இடம் விடும். 350-க்குக் குறைத்தால் 56 டிகிரிக்குச் சாய்ந்து பார்வையை அடைத்துவிடும். பொருட்செலவையும் பார்வையையும் ஒரே ஸ்லைடரில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் பேச முடிவது இந்த இடத்தில்தான். ஆழம் இடைவெளியைவிடக் குறைந்தால் கோணத்துக்கு விடையே கிடையாது. பலகைகள் காணாமல் போனால் மென்பொருளைக் குறை சொல்லாமல் இந்த விகிதத்தைப் பாருங்கள். மார்ச் மாதத்தில், சூரியன் அந்த 7 டிகிரி தெற்கே நிற்கும்போது, ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெயில் கீற்று விழும். நான் அதை விட்டுவிடுவேன். கூடாது என்பவர்கள் ஆர்க்சைன் விடையோடு சில டிகிரிகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

திரையில் தெரிவது முன்தோற்றம் மட்டுமே. எக்ஸ்ட்ரூட் மீது வலது சொடுக்கி பேக் கொடுத்து, தனி லேயரில் இறக்கினால்தான் அது ரைனோ கோப்பில் சேரும். அதன்பிறகு ஸ்லைடரை நகர்த்தினாலும் இறக்கிய பலகைகள் அசையாமல் பழைய அளவிலேயே நிற்கும். அளவு மாறும்போதெல்லாம் அந்த லேயரைக் காலி செய்துவிட்டு மறுபடியும் பேக் செய்ய வேண்டும்.