வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஆட்கள் வரும் ஆபீஸை அமைப்பது எப்படி?

ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எந்த நாளில் யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று ஆறு வாரமாவது எழுதுங்கள். நான் நிர்வாகம் பார்க்கும் ஆபீஸ் பாளையங்கோட்டை முருகன்குறிச்சி பக்கம் ஒரு பழைய வாடகை வீட்டில் இருக்கிறது. வெளியூர்க் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதும் வேலை, மொத்தம் 28 பேர். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் ஆட்கள் செங்கோட்டை ரயிலில் வருவார்கள். களக்காடு, திசையன்விளைக்காரர்களுக்குப் பஸ்தான். தினமும் வந்து போக யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. அதனால் வீட்டில் பாதி, இங்கே பாதி என்று ஆக்கிக்கொண்டோம்.

செவ்வாய், புதன், வியாழனில்தான் கூட்டம் இருக்கும் என்று பெருநகர ஆபீஸ்களை வைத்துச் சொல்வார்கள். எங்கள் நோட்டு வேறு கதை சொன்னது. எந்த ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை கரண்ட்டை நிறுத்துகிறார்களோ, அந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு மொத்தமாக வந்து இறங்கிவிடுகிறார்கள். முகூர்த்த நாள் என்றால் ஆறு பேர். பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட, நானும் வாட்ச்மேனும் மட்டும் இருந்தோம்.

மேஜைக் கணக்கை இந்த நோட்டிலிருந்து எடுங்கள். எங்களுக்கு வந்த பெரிய கூட்டம் 21 பேர். இரண்டு ஊரில் ஒரே நாள் கரண்ட் இல்லாத அபூர்வ நாள் அது, அதைத் தள்ளிவிட்டேன். அதற்கு அடுத்த பெரிய எண் 18. நான்கடிக்கு இரண்டடியில் 18 மேஜை போட்டோம். அபூர்வ நாட்களுக்குச் சாப்பாட்டு மேஜை இருக்கிறது. யாருக்கும் சொந்த மேஜை கிடையாது. அதற்காக இடம் பிடிக்கும் ஆப் எல்லாம் வாங்க வேண்டாம், முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் ‘நாளைக்கு வருகிறேன்’ என்று போட்டால் போதும். ஆனால் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி கட்டாயம் வேண்டும். டிபன் கேரியரும் ஹெட்செட்டும் குடையும் வைக்க இடமில்லை என்றால் மூன்றே நாளில் எல்லா மேஜைக்கும் சொந்தக்காரர் வந்துவிடுவார்கள்.

அடுத்து, ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்: வீட்டில் வேலை செய்யலாம் என்ற பிறகும் எதற்காக இங்கே வருகிறீர்கள்? சேர்ந்து பேசுவதற்கு ஆபீஸ், கவனம் வைத்துத் தனியாகச் செய்வதற்கு வீடு. இப்போது ஆபீஸ் வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். சோபாவும் காபி கவுண்டரும் நீளமான பொது மேஜையும் அதிலிருந்து வந்தவை. ஆனால் எங்கள் ஆட்களின் வீட்டில் மாமனார் டிவி பார்ப்பார், அடுப்பாங்கரையில் மிக்ஸி ஓடும், கோயில் கொடை வந்தால் தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். களக்காட்டுப் பெண் ஒருத்தி சொன்னாள், “யக்கா, எனக்கு மூடுறதுக்கு ஒரு கதவு இருந்தாப் போதும்.” அன்றைக்கே வாங்கும் பட்டியலில் சோபாவை அடித்துவிட்டு அந்தப் பணத்தைக் கதவுக்கு ஒதுக்கினேன்.

பழைய வீடு என்றால் அதன் வரிசையைக் கலைக்காதீர்கள். முன்னால் தார்சா என்கிற முன்கூடம், நடுவில் பட்டாசல் என்கிற பெரிய கூடம், பின்னால் அறைகள். அரட்டை, டீ, கூரியர்க்காரர் எல்லாம் தார்சாவோடு நிற்கட்டும். பட்டாசலில் பொது மேஜைகள். உள்ளே போகப் போக அமைதி கூட வேண்டும். காற்றுக்கு என்று கட்டிய வெண்டிலேட்டரை ஏசிக்காகத் தெர்மோகோல் வைத்து அடைத்துவிட்டு, மதியம் எல்லாருக்கும் தலைவலி என்று புலம்பாதீர்கள். ஆனி, ஆடிக் காற்றில் இந்த ஊரில் கதவு அறைகிற அறையில் வெளிநாட்டு வாடிக்கையாளரே ‘என்ன சத்தம்?’ என்று கேட்டுவிட்டார். கதவுக்கெல்லாம் காந்தப் பிடி போடுங்கள்.

சிவப்புத் தரை, உயரமான கூரை, வழவழப்பான சுவர் என்றால் எதிரொலிக்கும். நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டிப் பாருங்கள், சத்தத்தின் வால் நீண்டால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். நான் பத்தமடைப் பாய் ஐந்து வாங்கிச் சுவரில் மாட்டினேன். அழகுதான், கை தட்டினால் அதே வால். சத்தத்தை விழுங்கத் தடிமன் வேண்டும், பாயில் அது இல்லை. பிறகு இரண்டு அங்குல ரீப்பர் சட்டம் அடித்து, உள்ளே ராக்வுல் என்கிற கல் பஞ்சை நிரப்பி, தூசி பறக்காதபடி துணி கட்டி, அதற்கு மேல் பாயை இழுத்து அடித்தோம். இதற்கு நெருக்கமாக நெய்த பட்டுப் பாய் வேண்டாம், இடைவெளி உள்ள சாதாரணக் கோரைப் பாயே நல்லது. உட்கார்ந்து பேசுகிறவர் வாய் உயரத்தில் மாட்டுங்கள், கூரையை ஒட்டி மாட்டினால் பார்வைக்குத்தான் ஆகும்.

இனி கூண்டு, அதாவது ஒருவர் கதவை மூடிக்கொண்டு போன் பேசும் சின்ன அறை. தயாராக விற்பதை வாங்கினால் லட்சத்தில் போகும், நாங்கள் ஆசாரியை வைத்தே செய்தோம். படத்தைப் பார்த்துவிட்டு அவர், “என்னம்மா, எஸ்டிடி பூத்தைத் திரும்பக் கொண்டாந்துட்டியளா?” என்றார். உண்மையில் அதேதான். உள்ளளவு நான்கடிக்கு மூன்றரை அடி, உயரம் ஏழடி. சட்டத்துக்கு இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் இரண்டு அங்குல ராக்வுல். உள்பலகையும் வெளிப்பலகையும் ஒரே சட்டத்தில் ஆணி அடிக்கப்பட்டால் அந்தச் சட்டம் வழியாகவே சத்தம் கடந்து போகும். அதனால் உள்பக்கத்துக்கு ஒரு சட்டம், வெளிப்பக்கத்துக்கு ஒரு சட்டம் என்று ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தச் சொன்னேன். மரம் வீண் என்று ஆசாரி அரை நாள் முறுக்கிக்கொண்டார். பேச்சு முற்றி, கடைசியில் ஒரு பக்கச் சுவரை அவர் விருப்பப்படி, மறுபக்கச் சுவரை என் விருப்பப்படி அடித்தோம். உள்ளே ரேடியோவைப் பாட விட்டு இரண்டு பக்கமும் காது வைத்துப் பார்த்தார். அவர் அடித்த பக்கத்தை அவரே பிரித்துவிட்டார்.

கதவு உள்ளே பொள்ளலாக இருக்கக் கூடாது, கனமான ஃப்ளஷ் கதவு வேண்டும். நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங், கீழ் இடுக்குக்கும் ரப்பர். சோதிக்க ஒரு வழி உண்டு. இருட்டிய பிறகு உள்ளே டார்ச்சை எரியவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் பேச்சும் கசியும். எங்களுக்குக் கீல் பக்கம் முழுக்கக் கோடு தெரிந்தது. காற்றுக்குச் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், ஆனால் நேர் துளையாக வேண்டாம். இரண்டு இடத்தில் வளைத்து உள்ளே பஞ்சு ஒட்டிய பெட்டி வழியாகக் காற்று போகட்டும். ஃபேன் இல்லாத கூண்டில் நம் ஊர் சித்திரை மாதத்தில் பத்து நிமிஷம் இருந்தால் தெரியும். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் ஆனது.

மீட்டிங் அறையில் நான் ஏமாந்தேன். வெளியூரிலிருந்து வந்த வடிவமைப்பாளர் ஒருவர் பேச்சைக் கேட்டு நாலு பக்கமும் கண்ணாடி வைத்தோம். வீட்டிலிருந்து சேர்ந்தவர்களுக்கு நாங்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்ததாம். இரண்டு பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பாய்ப் பலகை வைத்த பிறகே சரியானது. கேமராவை டிவிக்கு மேலே மாட்டினால் வழுக்கைதான் தெரியும். உட்கார்ந்தவர் கண் மட்டத்தில், தரையிலிருந்து நாலடியில் வையுங்கள். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆள் நிழலாகத்தான் தெரிவார். மைக்கை மேஜை நடுவில் வையுங்கள், மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம்.

கரண்ட்டுக்காக வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு யுபிஎஸ்ஸில் கஞ்சம் பிடிக்க முடியாது. இணைய ரௌட்டருக்குத் தனியாகச் சின்ன யுபிஎஸ், இரண்டு வெவ்வேறு கம்பெனி இணைப்பு. இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கி வந்தால் பயனில்லை, அதையும் நேரில் போய்ப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தெரிந்தவர் ஆபீஸில் தரையில் வைத்திருந்த பேட்டரி அத்தனையும் போயிற்று. அந்தப் பக்கம் தாமிரபரணி ஏறிய உயரத்துக்கு மூன்றடித் திண்டெல்லாம் எந்த மூலைக்கு? மாடி இருந்தால் மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

கூண்டு எத்தனை வேண்டும் என்பதில் நான் தப்புக் கணக்குப் போட்டேன். 18 மேஜைக்கு ஒன்று போதவில்லை, மாலையில் வெளிநாட்டு அழைப்புகள் தொடங்கினால் வாசலில் மூன்று பேர் நிற்கிறார்கள். இரண்டாவதற்கு அடுப்பாங்கரையில் அளவெடுத்தாயிற்று. கொடை முடிந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் ஆசாரி, இந்தத் தடவை சட்டம் ரெண்டு வரிசைக்கும் சேர்த்தே மரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.