‘தொழிற்சங்கம்’ என்று பெயர்ப்பலகை எழுதும் முன்

சேலம் பக்கம் ‘யூனியன் ஆபீஸ் எங்கே?’ என்று கேட்டால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு வழி சொல்வார்கள். கைத்தறிக்காரர் ‘சங்கத்துக்குப் போறேன்’ என்றால் அது நூல் கொடுத்துத் துணி வாங்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். நல வாரிய அட்டையோ தனி ஆளின் பதிவு. இவை எதுவும் தொழிற்சங்கம் ஆகாது. ஆகவே பெயர்ப்பலகையிலோ மனுவிலோ வெறும் ‘சங்கம்’ என்று எழுதாதீர்கள். ‘விசைத்தறித் தொழிலாளர் சங்கம்’ என்று பெயரும், அதன் கீழே ‘பதிவு பெற்ற தொழிற்சங்கம்’ என்று பதிவு எண்ணும் இருக்கட்டும். தொழிற்சாலை போலவே தொழிற்சங்கமும் ஒரே சொல், பிரிக்க வேண்டாம்.

சட்டத்தில் ‘தொழிற்சங்கம்’ என்ற சொல்லின் பொருள் இன்னும் அகலம். தொழிலாளிக்கும் முதலாளிக்கும், தொழிலாளிகளுக்குள், முதலாளிகளுக்குள் உள்ள உறவை ஒழுங்குபடுத்தச் சேரும் எந்தக் கூட்டும் தொழிற்சங்கமே. உரிமையாளர்களும் இப்படிப் பதியலாம். அதனால்தான் பெயரில் ‘தொழிலாளர்’ அவசியம்.

பதியாமல் கூடுவது குற்றமில்லை. ஆனால் பதிவுதான் சங்கத்தைத் தன் பெயரிலேயே சொத்து வைக்கவும் வழக்காடவும் வல்லதாக்குகிறது. 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குச் சட்டத்தின் காப்பே இல்லை. பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டு சங்கத் தலைவர் பி.பி. வாடியா முதலானோர் மீது தடையாணையே வாங்கியது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்ததற்கு அது முக்கியக் காரணம்.

விண்ணப்பத்தில் குறைந்தது 7 உறுப்பினர் கையெழுத்து வேண்டும். அதோடு, அந்த நிறுவனத்தில் அல்லது தொழிலில் வேலை செய்வோரில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அது, உறுப்பினராக இருக்க வேண்டும். 60 பேர் வேலை செய்யும் ஜவ்வரிசி ஆலையில் கணக்குப்படி 6 வந்தாலும் 7-க்குக் குறையக் கூடாது. 1,200 பேர் உள்ள ஆலையில் 120 தேவையில்லை, 100 போதும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அங்கே பட்டறைக்கு ஒரு சங்கம் முடியாது. பல பட்டறைக்காரர்கள் தொழில்வாரியாகச் சேர்வதே வழி. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் வருவோரை நம்பி எண்ணிக்கை காட்டினால், பருவம் முடிந்ததும் அது சரியும். பதிவுக்குப் பிறகும் இந்தக் குறைந்தபட்சம் நீடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்தாகலாம்.

விதிமுறை நூலில் பெயர், நோக்கம், சந்தா, நிதியை எதற்குச் செலவிடலாம், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும், தணிக்கை, கலைப்பு எல்லாம் இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரோடு குழப்பும் பெயர் என்றால் பதிவாளர் மாற்றச் சொல்வார். ஆலை போன்ற அமைப்புசார் இடங்களில் வெளியாட்கள் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதற்கு மேல் கூடாது. அமைப்புசாராத் தொழிலில் நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்த வேலையே செய்பவராக இருக்க வேண்டும்.

ரசீதுப் புத்தகத்தையும் உறுப்பினர் பதிவேட்டையும் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பும்போது அவைதான் கை கொடுக்கும்.