பெரிய பல்சக்கரத்தில் செயின் ஏற மறுத்தால்

லண்டன்–பிரைட்டன் நிதி திரட்டும் சைக்கிள் சவாரி 54 மைல். கடைசிக் கட்டத்தில் வரும் டிட்ச்லிங் பீக்கன் ஏற்றம்தான் ஆளைச் சோதிக்கும். அங்கே செயின் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்கு, அதாவது மேடேற உதவும் லேசான கியருக்கு, ஏறாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

புது கியர் கேபிள் தளர்வதே பெரும்பாலும் காரணம். அதை இறுக்க, பின் டிரெய்லியரில் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் கருவி) கேபிள் நுழையும் இடத்திலுள்ள பேரல் திருகை, பின்னாலிருந்து பார்த்து இடஞ்சுழியாக அரைச் சுற்று திருப்பினேன். செயின் சட்டென்று ஏறிவிட்டது. அதற்கும் மசியாவிட்டால் செயின் ஸ்போக்ஸ் பக்கம் எவ்வளவு நகரலாம் என்று எல்லை வைக்கும் ‘எல்’ திருகை (டிரெய்லியரில் ‘L’ குறியுள்ளது) கால் சுற்று தளர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். கூடுதலாகத் தளர்த்தினால் செயின் ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் விழும். சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆபத்து.

டிரெய்லியரைச் சைக்கிள் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் வளைந்திருந்தால் எந்தத் திருகும் உதவாது, கடையில்தான் நிமிர்த்த வேண்டும். அதனால் இந்தச் சோதனையை ஒரு வாரம் முன்பே, ஏதாவது மேட்டில் பாரம் கொடுத்து மிதித்துப் பார்த்துவிடுங்கள்.