கறுப்பு நாய்க்கு ஹெல்த் பார் எதற்கு?

இங்கிலாந்துப் பேய்க்கதைகளில் வரும் கறுப்பு நாய்தான் பிளாக் ஷக். அதன் பெயரைச் சொன்னதுமே வீடியோ கேம் கேரக்டர் வரைபவர்கள் பலர் ஒரே நாயைத்தான் வரைகிறார்கள். தீ பறக்கும் பிடரி, முதுகெல்லாம் முள், தலைக்கு மேல், இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் நீளமான ஒரு ஹெல்த் பார். இந்த நாயை எந்த நாட்டுக் கதையில் அவிழ்த்துவிட்டாலும் ஓடும். கோளாறே அதுதான்.

ஷக், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான கிழக்கு ஆங்கிலியாவின் நாய். நார்ஃபோக், சஃபோக் பக்கத்துக் கடற்கரைப் பாதைகளும் சதுப்பு நிலமும் சர்ச் வளாகமும் அதன் நடமாட்டம். 1577 ஆகஸ்ட் 4 அன்று, இடிமழைக்கு நடுவே பங்கி ஊர் சர்ச்சுக்குள் கறுப்பு நாய் பாய்ந்து இரண்டு பேரைக் கொன்றதாக அந்த வருஷமே ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. அதே நாளில் அது பிளைபரா சர்ச்சுக்கும் போனதாம். அங்கே வடக்குக் கதவில் கருகிய தடங்களை இன்றும் பார்க்கலாம். சாத்தானின் விரல் பட்ட இடம் என்பார்கள். நாயை விடுங்கள், முதலில் அந்தக் கதவை வரையுங்கள். பிளேயர் அதைத் தடவிப் பார்க்கட்டும், வெளியே இடி இடிக்கட்டும். நாய் அப்புறம் வரலாம். வராமலே போனாலும் சரி.

கறுப்பு நாய் என்றால் கொல்லத்தான் வரும் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. சாமர்செட்டின் குவான்டாக் குன்றுகளில், பெரிய நாய் பார்த்துக்கொள்ளும் என்று பிள்ளைகளைத் தனியே விளையாட விட்டதாகச் சொல்வார்கள். லிங்கன்ஷயர்க் கதைகளில் ராத்திரி தனியாகப் போகும் பெண்ணுக்கு அது வழித்துணை. சும்மா கூடவே நடந்துவரும் நாயைப் பார்த்து வாளை உருவுவதா வேண்டாமா என்று பிளேயர் தடுமாறினால், அதைவிட நல்ல சண்டைக் காட்சி உண்டா?

இருட்டில் கறுப்பு நாயை வரைந்து, டெஸ்ட் செய்த ஒருவர் கண்ணிலும் அது படாமல் போனது என் சொந்தக் கதை. ஷக்குக்கு சாஸர் அளவில் ஒளிரும் கண்கள் என்று கதைகளில் ஏன் சொல்லிவைத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சாவு வருமுன் ஓலமிடும் பெண் ஆவியான பான்ஷீயை இதில் கலக்காதீர்கள், அவள் அயர்லாந்துக்காரி. தலையில்லாத பெண் வேண்டுமென்றால் எட்டாம் ஹென்றி ராஜாவின் மனைவி ஆன் போலின் இருக்கிறார். 1536-ல் தலை வெட்டப்பட்ட மே 19 அன்று, ஒவ்வொரு வருஷமும் தலையை மடியில் வைத்துக்கொண்டு குதிரை வண்டியில் நார்ஃபோக்கின் பிளிக்லிங் மாளிகைக்கு வருவதாக நம்பிக்கை. கோடாரி வரைந்துவிடாதீர்கள், அவரை வெட்டியது வாள். வருஷத்தில் ஒரே ராத்திரி வருகிறவரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஸ்பான் செய்தால், அதாவது கேமில் தோன்றவைத்தால், டவுன் பஸ் ஆகிவிடும். கேமுக்குள் ஒரு காலண்டர் வையுங்கள். மற்ற நாட்களில் வாசல் மண்ணில் சக்கரத் தடம் மட்டும் இருக்கட்டும்.