இளம் வீரர் ஒளிர்ந்தால் பொது மேலாளருக்கு எவ்வளவு பாராட்டு? ஐஸ் ஹாக்கி ரசிகர்களுக்கு ஒரு கணக்குமுறை

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லைப் புதிதாகப் பின்தொடரத் தொடங்குபவர்கள் ஒரு பழக்கத்தை விரைவில் கவனிப்பார்கள். இருபது வயது வீரர் ஒருவர் கோல்களைக் குவிக்கத் தொடங்கியதும், அவரை அணிக்குக் கொண்டுவந்ததற்காக, வீரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒப்பந்தம் செய்வதற்கும் பொறுப்பான பொது மேலாளரைப் புகழ்கிறார்கள். அந்தப் புகழ் சில நேரங்களில் முற்றிலும் நியாயமானது. வேறு சில நேரங்களில், குளிர்ந்த சிற்றூர் அரங்குகளில் பல ஆண்டுகள் உட்கார்ந்து இளைஞர்களின் ஆட்டத்தைக் குறிப்பெடுத்த ஸ்கவுட் ஒருவருக்கோ, பதவியிழந்து போன முந்தைய மேலாளருக்கோ சேர வேண்டியது அது. இரண்டையும் பிரித்தறிய நான் கையாளும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை ஒன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் பருவம் முடிந்த பின் நடக்கும் டிராஃப்டில், அணிகள் முறைவைத்து, பெரும்பாலும் 18 வயதை எட்டிய வீரர்களின் உரிமையை ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. பருவத்தை மோசமாக முடித்த அணிகளுக்கு முன்னுரிமை உண்டு என்றாலும், முதல் சில இடங்களைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. உரிமை கிடைத்த பிறகு அந்த வீரருடன் ஒப்பந்தம் போடுவது தனி வேலை.

படி 1: தேதிகளை எழுதுங்கள்

ஒரு வீரரின் பெயருக்கு எதிரே மூன்று தேதிகளைக் குறியுங்கள்: அவர் டிராஃப்டில் எடுக்கப்பட்ட நாள், முதல் ஒப்பந்தம், இரண்டாவது ஒப்பந்தம். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அன்று பொது மேலாளர் நாற்காலியில் இருந்தவர் யார் என்று எழுதுங்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஒரு படியிலேயே விலகிவிடும்.

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். 2010இல் அவர்கள் லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது மேலாளர் ஸ்டான் போமன்; அவர் பதவியேற்று ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. கோப்பையை உறுதிசெய்த கோலை அடித்த பேட்ரிக் கேனை 2007இல் முதல் இடத்திலும், அணித்தலைவர் ஜோனதன் டேவ்ஸை 2006இல் மூன்றாம் இடத்திலும் எடுத்தவர் போமனுக்கு முன்பிருந்த டேல் டாலன். தடுப்பாட்டத்தின் தூண்களான டங்கன் கீத்தும் பிரென்ட் சீபுரூக்கும் 2002, 2003 டிராஃப்டுகளில் வந்தவர்கள். அப்போதைய மேலாளர் டாலனுக்கும் முந்தைய மைக் ஸ்மித். ஒரே கோப்பைக்குப் பின்னால் மூன்று மேலாளர்கள் நிற்கிறார்கள். போமனுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கேன், டேவ்ஸ், கீத் மூவரின் நீண்டகால ஒப்பந்தங்களும் 2009 டிசம்பரில் அவர் காலத்தில்தான் கையெழுத்தாயின. அவருடைய பெயர் ஒப்பந்தப் பத்தியில் வரவேண்டும், டிராஃப்ட் பத்தியில் வரக்கூடாது.

நாற்காலி காலியாக இருப்பதும் உண்டு. டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 2015 ஜூனில் மிட்ச் மார்னரை நான்காம் இடத்தில் எடுத்தபோது அந்த அணிக்கு நிரந்தரப் பொது மேலாளரே இல்லை. டேவ் நோனிஸ் ஏப்ரலில் நீக்கப்பட்டிருந்தார். லூ லமோரியெல்லோ ஜூலையில்தான் வந்தார்.

படி 2: இடத்தின் எண்ணைப் பாருங்கள்

முதல் இடத்தில் எல்லோரும் எடுத்திருக்கக்கூடிய வீரரை எடுத்ததற்குப் பாராட்டு மிகக் குறைவு. 2015இல் கானர் மெக்டேவிட்டை எந்த மேலாளரும் தவறவிட்டிருக்க மாட்டார். எட்மன்டன் ஆயிலர்ஸுக்குக் குலுக்கலில் முதல் இடம் விழ இருந்த வாய்ப்பு 11.5 விழுக்காடு. அந்தக் குலுக்கல் நடந்து ஒரு வாரத்துக்குள், பீட்டர் ஷியரெல்லி அங்கே மேலாளராகப் பொறுப்பேற்றார். மெக்டேவிட்டின் பெயருக்கு எதிரே ஷியரெல்லிக்கு நான் பூஜ்யம்தான் போட்டிருக்கிறேன்.

படி 3: கண்டவர் யார் என்று தேடுங்கள்

பின் சுற்றுகளில் கிடைத்த மாணிக்கங்களை அணுகும்போதுதான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் 1998இல் 171ஆம் இடத்தில் பாவெல் டட்ஸ்யூக்கையும், 1999இல் 210ஆம் இடத்தில் ஹென்ரிக் ஜெட்டர்பெர்க்கையும் எடுத்தது. மேலாளர் கென் ஹாலண்ட். ஆனால் டட்ஸ்யூக்கைக் கண்டவர் ஹோகன் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன் நாட்டு ஸ்கவுட். ஹாலண்ட் மேலாளராவதற்கு முன்பே அணியில் இருந்த அவர், ரஷ்யாவில் வேறொரு வீரரைப் பார்க்கச் சென்ற இடத்தில் இந்தச் சிறிய உருவம் கொண்ட ஆட்டக்காரரைக் கவனித்தார்.

இங்கே ஒரு கடினமான கேள்வியைக் கேட்டாக வேண்டும். டட்ஸ்யூக் இவ்வளவு பெரிய வீரராவார் என்று அணிக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால், ஆறாம் சுற்றுவரை ஏன் காத்திருந்தார்கள்? முதல் சுற்றில் 25ஆம் இடத்தில் அவர்கள் எடுத்தது யிரி ஃபிஷர் என்ற தடுப்பாட்டக்காரரை. ஆகவே ஆறாம் சுற்றில் கிடைத்த நட்சத்திரத்தில் திறமையும் நற்பேறும் கலந்தே இருக்கின்றன. ஆண்டர்சனின் பங்கை இது குறைப்பதாக நான் நினைக்கவில்லை. மற்ற அணிகள் பார்க்காத இடத்தில் அவர் பார்த்தார்.

அப்படியானால் ஹாலண்டுக்கு என்ன மிச்சம்? இரண்டு விஷயங்கள் உண்டு: ஸ்கவுட்டின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தது, பொறுத்திருந்தது. டட்ஸ்யூக் டெட்ராய்ட்டுக்கு ஆட வந்தது 2001இல், ஜெட்டர்பெர்க் வந்தது 2002இல். எடுத்து மூன்றாண்டுகள் அவர்களைத் தங்கள் நாட்டிலேயே வளரவிட்ட நிதானம் மேலாளரின் முடிவு. அதற்கு அவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

படி 4: தவறவிட்டவர்களையும் எண்ணுங்கள்

வெற்றியை மட்டும் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். 2015 டிராஃப்டில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு 13, 14, 15 என்று அடுத்தடுத்து மூன்று இடங்கள் கிடைத்தன. ஸ்போரில், டிபிரஸ்க், செனிஷின் ஆகிய மூவரை எடுத்தார்கள். அடுத்த மூன்று இடங்களில் வேறு அணிகளுக்குப் போனவர்கள் மேத்யூ பார்சல், கைல் கானர், தாமஸ் ஷபாட். டிபிரஸ்க் நல்ல ஆட்டக்காரராக உருவானார் என்றாலும், அந்த வரிசையைப் பார்க்கும் பாஸ்டன் ரசிகருக்கு இன்றும் வலிக்கும். ஆனால் நம் முதல் படியை இங்கேயும் மறக்கக்கூடாது: மேலாளர் டான் ஸ்வீனி பதவியேற்று அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஸ்கவுட்டுகளின் பட்டியல் அவர் வருவதற்கு முன்பே பெருமளவு தயாராகியிருக்கும். பாராட்டில் காட்டும் கறாரைப் பழியிலும் காட்டுவதே நேர்மை.

படி 5: முதல் ஒப்பந்தத்துக்குக் குறைவாகப் போடுங்கள்

இளம் வீரருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது என்ற செய்தி பெரிதாக வரும். அதில் மேலாளர் பேரம் பேசக்கூடியது மிகக் கொஞ்சம். 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் ஒப்பந்தம் மூன்றாண்டு என்று விதியே சொல்கிறது. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு, மெக்டேவிட் காலத்தில் அது ஊக்கத்தொகை நீங்கலாக ஆண்டுக்கு 9,25,000 டாலர். கையெழுத்து வாங்கத் தவறினால்தான் மேலாளரின் பெயர் பேசப்பட வேண்டும். 2004இல் ஐந்தாம் இடத்தில் ஃபீனிக்ஸ் எடுத்த பிளேக் வீலர், அந்த அணியுடன் கையெழுத்திடாமலேயே 2008இல் பாஸ்டனுக்குப் போய்விட்டார். டிராஃப்டில் எடுக்கப்படாதவரை ஒப்பந்தம் செய்வது விதிவிலக்கு. 2015இல் சிகாகோ அப்படி அழைத்துவந்த ஆர்டெமி பனாரின் மறு ஆண்டே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதைப் பெற்றார். அந்த வரியில் போமனுக்கு நல்ல மதிப்பெண் உண்டு.

படி 6: இரண்டாவது ஒப்பந்தத்தில் நிறுத்திப் படியுங்கள்

என் கருத்தில் மேலாளரின் உண்மையான தேர்வு இதுதான். இங்கே விலையும் காலமும் அவர் கையில் இருக்கின்றன. வீரர் இன்னும் முழுதாக மலராத நிலையில், அவர் எவ்வளவு தூரம் வளர்வார் என்று கணித்து அணியின் பணத்தை வைக்க வேண்டும். கொலராடோ மேலாளர் ஜோ சாக்கிக் 2016 கோடையில் நேதன் மெக்கினனுடன் ஆண்டுக்கு 63 லட்சம் டாலர் வீதம் ஏழாண்டு ஒப்பந்தம் செய்தார். அதற்கு முந்தைய பருவத்தில் மெக்கினன் எடுத்தது 52 புள்ளிகள் (அடித்த கோல்களும், பிறர் கோலடிக்கச் செய்த உதவிகளும் சேர்ந்த எண்ணிக்கை), அடுத்த பருவத்தில் 53. அதற்கடுத்த பருவத்தில் 97. அணியின் மொத்தச் சம்பளத்துக்கே உச்சவரம்பு உள்ள லீக்கில், முன்னணி வீரருக்கான செலவில் மிச்சமாகும் ஒவ்வொரு டாலரும் இன்னொரு நல்ல வீரருக்குப் போகும். 2022இல் கொலராடோ கோப்பையை வென்றபோதும் மெக்கினன் அதே ஒப்பந்தத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

இப்போது எட்மன்டனுக்குத் திரும்பி அந்தப் பக்கத்தை நிரப்பிப் பாருங்கள். லியோன் டிரைசைட்டிலை 2014இல் மூன்றாம் இடத்தில் எடுத்தவர் கிரெய்க் மக்டாவிஷ். டிராஃப்ட் பத்தியில் அவர் பெயரும் அவருடைய ஸ்கவுட்டுகளும் வரட்டும். 2017 ஆகஸ்டில் டிரைசைட்டிலுக்கு ஆண்டுக்கு 85 லட்சம் டாலர் வீதம் எட்டாண்டு கொடுத்தவர் ஷியரெல்லி. அன்று அது அதிகம் என்று பலர் குறைகூறினார்கள். 2019 ஜனவரியில் ஷியரெல்லி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தப் பருவத்தை டிரைசைட்டில் 50 கோல்களுடன் முடித்தார், அடுத்த பருவத்தில் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார். மெக்டேவிட்டின் டிராஃப்ட் வரியில் பூஜ்யம் வாங்கிய அதே மேலாளருக்கு, டிரைசைட்டிலின் ஒப்பந்த வரியில் முழு மதிப்பெண் போடுங்கள்.