40 மீட்டர் டைபோல்: கம்பியை எவ்வளவு நீளம் வெட்டுவது?

டைபோல் என்பது நடுவில் கேபிள் இணைக்கும், இருபுறமும் சமநீளக் கம்பி கொண்ட ஆன்டெனா. அமெச்சூர் ரேடியோவின் 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு, அதை அரை அலைநீளத்தில் வெட்டுகிறோம். மீட்டரில் அலைநீளம் காண 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 42.25 மீட்டர், அதில் பாதி 21.13. ஆனால் முனைகளில் சேரும் மின்தேக்குத்திறன் கம்பியைச் சற்று நீளமானதுபோல் நடந்துகொள்ள வைக்கும். ஆகவே சுமார் 5 சதவீதம் குறைத்து, 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கிறோம்: 20.07 மீட்டர், பக்கத்துக்கு ஏறத்தாழ 10.03.

இது வெறும் கம்பிக்கான கணக்கு. கடையில் வாங்கும் பிவிசி வயருக்கு இன்னும் சில சதவீதம் குறையும். எவ்வளவு என்பது உறையின் தடிமனையும் கட்டும் உயரத்தையும் பொறுத்தது. எனவே பக்கத்துக்கு 10.5 மீட்டராகவே வெட்டுங்கள். குறைப்பது எளிது, ஒட்டுப்போடுவதுதான் தலைவலி.

ஒரு பக்கக் கம்பியைக் கோஆக்ஸின் (ரேடியோவிலிருந்து வரும் கேபிள்) நடுக்கம்பியிலும் மற்றதை அதைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலிலும் பற்றவையுங்கள். இணைப்புக்குக் கீழே 31 அல்லது 43 ரக ஃபெரைட் (ஒரு காந்தப் பொருள்) வளையத்தில் கோஆக்ஸை 10 முதல் 12 சுற்று சுற்றினால், கேபிளின் வெளிப்புறமாக மின்னோட்டம் இறங்காது. ஏற்றும் முன் மல்டிமீட்டரால் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே பாருங்கள். தொடர்பு காட்டினால் பின்னலின் ஓர் இழை எங்கோ ஒட்டியிருக்கிறது.

நடுப்பகுதியை 10 மீட்டர் உயரத்தில் கட்டி, இரு முனைகளையும் தலைகீழ் வி வடிவில் சரித்து இறக்கலாம். நடுக்கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது. ஒலிபரப்பும்போது முனைகளில் மின்னழுத்தம் அதிகம், கைபட்டால் சுடும். அவற்றை எட்டாத உயரத்தில் நிறுத்துங்கள். மின்வாரியக் கம்பி பக்கம் போகவே வேண்டாம்.

இப்போது நானோ விஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) கொண்டு எஸ்டபிள்யூஆர் எந்த அதிர்வெண்ணில் மிகக் குறைகிறது என்று பாருங்கள். எஸ்டபிள்யூஆர் என்பது ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு; 1.0 என்றால் முழுப் பொருத்தம். 6.65 மெகாஹெர்ட்ஸில் குறைகிறது என்றால், இரு பக்கமும் சேர்ந்த 21 மீட்டர் இப்படி மாற வேண்டும்:

21 × 6.65 ÷ 7.1 = 19.67 மீட்டர்

1.33 மீட்டர் அதிகம், அதாவது பக்கத்துக்கு 66 செ.மீ. முதலில் 50 வெட்டி, அதே உயரத்துக்கு ஏற்றி அளந்துவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். தாழ்வாகத் தொங்கவிட்டு அளந்தால் எண் மாறிவிடும்.

எஸ்டபிள்யூஆர் 1.5-க்குள் வந்தால் போதும். 1.0-ஐத் துரத்துவது வீண்வேலை. பேண்ட் முழுக்க, அதற்கு வெளியேயும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: பெரும்பாலும் மழைநீர் புகுந்த கோஆக்ஸ் ஆற்றலை விழுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கேபிளை மாற்றிவிட்டு, மேல் இணைப்பை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள்.